நடுவில் இருந்த மோதிரம்

வைரம் வாங்குவதென்று முடிவு செய்த அந்தக் காலையில், முடிவு செய்தவர் பாதிச் சவரத்தோடு குளியலறைக் கண்ணாடி முன் நின்றுகொண்டிருந்தார். ஒரு கன்னத்தில் சோப்பு நுரை. மறு கன்னத்தில் வீரம்.

"இந்த வைரத்தையாவது நான் தேர்ந்தெடுக்கிறேன்டா!" என்று கண்ணாடியில் தெரிந்த ஆளிடம் சொன்னார்.

அந்த ஆளும் தலையாட்டினான். அந்த வீட்டில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு இல்லாமல் தலையாட்டுகிற ஒரே ஆள் அவன்தான்.

அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். கண் சோதித்து, கண்ணாடி தேய்த்து, பிரேமில் பொருத்திக் கொடுப்பதில் கெட்டிக்காரர். கடுகளவு கீறலையும் எட்டி நின்றே கண்டுபிடித்துவிடுவார் என்பதால் தெருவில் அவருக்குக் கூர்க்கண்ணர் என்று பெயர். ஊருக்கெல்லாம் பிரேம் தேர்ந்து கொடுக்கிற அந்தக் கூர்க்கண்ணர் மூக்கில் உட்கார்ந்திருந்த பிரேம், அவர் மனைவி தேர்ந்து கொடுத்தது. திரைச்சீலை, கட்டில் கிடக்கிற திசை, அவர் சட்டை, அந்தச் சட்டைக்குப் பொத்தான், தலையில் வகிடு எடுக்கிற பக்கம் எல்லாமே அந்த அம்மாள் முடிவு செய்தவை. கல்யாணமான புதிதில் மீசை வைப்பதா வேண்டாமா என்று ஒரு பேச்சு எழுந்தது. அந்தப் பேச்சில் அவர் கலந்துகொள்ளவில்லை.

இத்தனைக்கும் அவளைக் குறை சொல்ல முடியாது. அவள் எடுத்ததெல்லாம் நன்றாக இருந்தது. அதுதான் அவருக்கு ஆற்றாமை. ஒரே ஒரு பொருளைத் தானே பார்த்து, தானே எடுத்துக் கொண்டுவந்து நீட்ட, அவள் வாயைப் பிளந்து "அட, நீங்களா எடுத்தீங்க!" என்று கேட்க வேண்டும். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்த வைரம். அவர்கள் வீட்டுக்கு முதல் வைரம்.

மனைவி தையல் வேலை செய்கிறவள். முன்னறையில் மிஷின் போட்டு, பட்டும் மெல்லிய துணியுமாகக் குவித்து வைத்துக்கொண்டு தைப்பாள். அன்று சாப்பாட்டு வேளையில், அவர் ரொம்ப சாமர்த்தியமாகப் பேச்சை ஆரம்பித்தார்.

"ஏம்மா, மோதிரத்துல கல்லு உசரமா நிக்கணுமா, உள்ள பதிஞ்சு இருக்கணுமா?"

"யாருக்கு மோதிரம்?"

"ஒரு கஸ்டமருக்கு."

"ஆம்பளையா பொம்பளையா?"

"பொம்பளை."

கரண்டி பாதி வழியில் நின்றது. "அவளுக்கு மோதிரம் வாங்குறதுல உங்களுக்கு என்ன வேலை?"

"சும்மா அபிப்பிராயம் கேட்டாம்மா."

"வயசு?"

"உன் வயசுதான்."

"என்ன பண்றா?"

"தை... டைப்பு! டைப்பு அடிக்கிறா."

"ஓ, டைப்பு அடிக்கிறவளா?" கரண்டி மறுபடி நகர்ந்தது. "அப்போ பதிஞ்சு இருக்கிறதுதான் நல்லது. நாலு கொக்கி வச்சு உசரமா நின்னா எதுலயாவது மாட்டிக்கிட்டே இருக்கும். கையால வேலை செய்யிறவளுக்குச் சரிப்படாது. சுத்தி விளிம்பு கட்டி, வழவழன்னு இருக்கணும்."

கூர்க்கண்ணர் மனத்துக்குள் சிரித்துக்கொண்டார். டைப்பு அடிக்கிறவளுக்கு அது சரி. ஆனால் தன் மனைவிக்கு அதெல்லாம் எதற்கு? அவளுக்கு வாங்குகிற கல்லை நாலு கொக்கியில் தூக்கி நிறுத்தி, தெருமுனையில் வருகிறவன் கண்ணைக் கூச வைக்க வேண்டும் என்று அப்போதே முடிவு கட்டிவிட்டார்.

அடுத்தது விரல் அளவு. மத்தியானம் அவள் கண்ணயர்ந்தபோது, அவளுடைய நூல்கண்டிலிருந்தே ஒரு துண்டு நூல் எடுத்துக்கொண்டு பூனை மாதிரிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். விரல்கள் மடங்கியிருந்தன. எப்படிப் பிரிப்பது என்று அவர் திருதிருவென முழித்துக்கொண்டிருக்கையில், தூக்கத்திலேயே அவள் கையை நீட்டினாள். மோதிர விரல் மட்டும் தனியாக எழுந்து நின்றது. நல்ல காரியத்துக்கு எப்படியெல்லாம் வழி பிறக்கிறது பார் என்று பூரித்துப்போய் அளந்து, நூலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சாயங்காலம் குளித்துவிட்டு வந்து பார்த்தால் அந்தச் சட்டை கொடியில் சொட்டச் சொட்டத் தொங்கியது. பையில் நூலில்லை.

"சட்டையைத் தோய்ச்சிட்டியா?"

"அழுக்கா இருந்துச்சு."

"காலையிலதானே போட்டேன்!"

"காலையிலயே அழுக்காத்தான் போட்டீங்க."

மேற்கொண்டு கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

மறுநாள், கடையைச் சாத்திவிட்டு, தெருவிலிருந்த ஒரே நகைக்கடைக்குள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நுழைந்தார். நகைக்கடைக்காரர் அமைதியான மனிதர். அவர் போட்டிருந்ததும் கூர்க்கண்ணர் விற்ற கண்ணாடிதான். விற்ற விதம் கூர்க்கண்ணருக்கு நன்றாக நினைவிருந்தது. அது அவருடைய தொழில் தந்திரம். வீட்டில் சாப்பிடும்போதெல்லாம் மனைவியிடம் பீற்றிக்கொள்வார். மேஜையில் மூன்று பிரேம் வைக்க வேண்டும். முதலில் ஒரு மட்டமானது, கடைசியில் ஒரு மட்டமானது, நடுவில் நாம் தள்ளிவிட நினைப்பது. வந்தவர் மூன்றையும் மாட்டிப் பார்த்துவிட்டு நடுவில் இருப்பதை எடுத்துக்கொண்டு, தானே தேர்ந்தெடுத்த சந்தோஷத்தில் போவார்.

"கல்லைப் பாருங்க சார்" என்று நகைக்கடைக்காரர் காகித மடிப்பைப் பிரித்தார். "இதுல நான் வாயே திறக்க மாட்டேன். உங்க கண்ணுக்கு முன்னாடி நான் என்ன சொல்றது?"

கூர்க்கண்ணர் பூதக்கண்ணாடியைப் பையிலிருந்து எடுத்தார். கடை விளக்கில் கூழாங்கல்லும் மின்னும் என்று சொல்லி, கல்லையெல்லாம் வாசல் வெளிச்சத்துக்கே கொண்டுபோனார். பெரிய கல்லின் வயிற்றில் ஒரு கரும்புள்ளி. அடுத்ததில் லேசான மஞ்சள். இன்னொன்றில் மயிரிழை போல ஒரு கீறல். கடைசியாக எல்லாவற்றிலும் சின்னதாக ஒன்று. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குறை ஒன்றும் இல்லை. மழை விட்டதும் ஜன்னலில் நிற்கிற சொட்டு மாதிரித் தெளிவாக இருந்தது. ஏனோ அவருக்கு மனைவி ஊசியில் நூல் கோக்கும்போது ஒரு கண்ணைச் சுருக்கிக்கொள்வது ஞாபகம் வந்தது. மனசு இளகிப்போயிற்று.

"இதுதான்" என்றார். "சின்னது. ஆனா ஒளிவுமறைவே இல்லை, என் பொண்டாட்டி மாதிரி."

நகைக்கடைக்காரருக்கு ஏனோ இருமல் வந்தது.

இருமி முடித்துவிட்டு, கல்லை எப்படிக் கட்டுவது என்று காட்ட வெல்வெட் தட்டில் மூன்று மாதிரி மோதிரங்களை வரிசையாக வைத்தார். முதலாவது, கம்பி போல மெலிந்து, கல் இருக்கிற இடமே தெரியாதது. மூன்றாவது, சுற்றிலும் விளிம்பு கட்டி, கல் உள்ளே அடங்கி உட்கார்ந்திருப்பது. நடுவில் இருந்ததுதான் மோதிரம்! நாலு கொக்கியும் கல்லைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தன. கூர்க்கண்ணர் கனவு கண்டது அச்சு அசலாக அதேதான். கை தானாக அதை நோக்கிப் போனது.

"அதான் சார்!" என்றார் நகைக்கடைக்காரர். "வர்றவங்க எல்லாருமே நடுவுல இருக்கிறதைத்தான் எடுப்பாங்க."

கை அந்தரத்தில் நின்றது.

நடுவில் இருக்கிறது. மூன்று வைத்து, நடுவில் இருக்கிறது! கூர்க்கண்ணருக்குப் பொறி தட்டியது. யார் தந்திரத்தை யாரிடம் காட்டுகிறான்? என் மூக்குக்கண்ணாடியையே போட்டுக்கொண்டு என் காதிலேயே பூ சுற்றுகிறானா?

"இந்த ரெண்டும்?" என்று அலட்சியமாகக் கேட்டார்.

"அதெல்லாம் எதுக்கு சார்? உங்க அந்தஸ்துக்கு நடுவுல இருக்கிறதுதான்."

"கடைசியில இருக்கிறதைக் காட்டுங்க."

"அது யாரும் கேக்கிறதில்ல சார்."

"அப்போ அதுதான் வேணும்!"

"சார், நல்லா யோசிச்சு..."

"யோசிக்க ஒண்ணுமில்ல. பிரேம் மாதிரி சுத்தி விளிம்பு பிடிச்சிருக்கு. கல்லு விழுமா? விழாது. என் தொழில்ல எனக்குத் தெரியாதா? கட்டுங்க!"

நகைக்கடைக்காரர் பெருமூச்சு விட்டுக்கொண்டு நடு மோதிரத்தை எடுத்து உள்ளே வைத்தார். அதைப் பார்க்கக் கூர்க்கண்ணருக்குக் கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது. ஆனால் ஏமாறவில்லை என்கிற பெருமை அந்த வலியை விழுங்கிவிட்டது. விரல் அளவு இல்லையே என்று அசடு வழிந்தபோது, "ஒரு உத்தேசமா வச்சுக்கிறேன் சார்" என்று கடைக்காரரே சமாளித்துவிட்டார்.

மோதிரம் தயாரானதும், சிவப்புப் பெட்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு கூர்க்கண்ணர் முன்னறைக்குள் வந்தார். மனைவி மிஷினில் பட்டுத்துணி ஓட்டிக்கொண்டிருந்தாள். பெட்டியைத் திறந்து நீட்டினார். அவள் மிஷினை நிறுத்தினாள்.

"அட, நீங்களா எடுத்தீங்க!"

வந்துவிட்டது, அந்த வார்த்தை! கூர்க்கண்ணருக்குத் தலைகால் புரியவில்லை.

அவள் மோதிரத்தைப் போட்டாள். எண்ணெய் போட்டது மாதிரி வழுக்கிக்கொண்டு போய்ச் சரியாக உட்கார்ந்தது. பட்டுத்துணியை எடுத்து மோதிரத்தின் மேல் இழுத்துப் பார்த்தாள். ஒரு இழை மாட்டவில்லை. அவள் முகம் மலர்ந்துபோயிற்று. அந்த முகத்தைப் பார்த்தவுடன் அவர் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"சும்மா கிடைக்கலம்மா இது. அந்த ஆள் என்னை ஏமாத்தப் பார்த்தான். நடுவுல ஒண்ணை வச்சு, அதை என் தலையில கட்டப் பார்த்தான். நான் விடுவேனா? கடைசில இருந்ததை எடுத்தேன்!"

மனைவிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிப் பார்த்தாள். முடியவில்லை. துணியை வாயில் பொத்திக்கொண்டாள்.

"எதுக்குச் சிரிக்கிற?"

"நடுவுல வச்சா நீங்க எடுக்க மாட்டீங்கன்னு நான்தான் அவர்கிட்ட சொன்னேன்."

கூர்க்கண்ணர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். "நீயா? உனக்கு எப்படித் தெரியும்?"

"குளியலறையில நின்னு கத்துனீங்களே, 'தேர்ந்தெடுக்கிறேன்டா'ன்னு! அவர் வீட்டம்மா துணி என்கிட்டதான் தைக்கக் கிடந்துச்சு. கொண்டுபோய்க் கொடுக்கிற சாக்குல ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்தேன். விரல் அளவையும் கொடுத்துட்டு வந்தேன்."

"அப்போ அந்த நூலு?"

"அதைத்தான் கொடுத்தேன். அளக்க விரலை வேற தூக்கிக் காட்டினேன். மறந்துட்டீங்களா?"

"என்கிட்டயே நேரா சொல்லியிருக்கலாமே!"

"சொன்னேனே! டைப்பு அடிக்கிறவளுக்குன்னு வச்சுத் தெளிவா சொன்னேன். நீங்கதான் கேக்கல."

கூர்க்கண்ணர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதுவும் அவள் எடுத்த கண்ணாடி. மோதிரம் ஜன்னல் வெளிச்சத்தில் மினுமினுத்தது. அவள் விரலில் அது அவ்வளவு அழகாக இருந்ததால் அவரால் கோபப்படவும் முடியவில்லை.

"அப்போ நானா எடுத்தது எதுவுமே இல்லையா?" என்று மெதுவாகக் கேட்டார்.

மனைவி எழுந்து வந்து, மோதிரக் கையால் அவர் தோளைப் பிடித்தாள்.

"ஏன் இல்ல? கல்லு இருக்கே! முழுக்க முழுக்க நீங்க எடுத்ததுதான். எவ்வளவு தெளிவா இருக்கு பாருங்க. நானா இருந்தா பெருசாப் பார்த்து ஏமாந்திருப்பேன்."

அவர் நிமிர்ந்தார். முகத்தில் பழைய களை வந்துவிட்டது. "நிஜமாவா சொல்ற?"

"நிஜமாத்தான்" என்றாள் மனைவி. "கல்லை மட்டும் அவரே எடுக்கட்டும்னு நான்தானே கடைக்காரர்கிட்ட சொல்லிட்டு வந்தேன்!"