ஐஸக்காவும் பிரேக் இல்லாத படகும்

பயப்படுவதற்கு உலகத்தில் எத்தனையோ இருக்க, மே மாதத்துச் சிட்லபாக்கத்தில் காலடியில் பனிக்கட்டி உடைந்துவிடுமோ என்று பயந்து நடந்த ஒரே மனுஷி எங்கள் ஐஸக்காதான்.

அவருடைய நிஜப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும் தெரியும். பின்லாந்தில் இருபது வருஷம் நர்ஸாக இருந்தவர். அங்கே குளிர்காலத்தில் ஏரியெல்லாம் உறைந்து சிமென்ட் தரை மாதிரி ஆகிவிடுமாம். அதன்மேல் பாய்மரம் கட்டிய படகை விட்டு ரேஸ் நடத்துவார்களாம். படகுக்கு அடியில் மூன்று இரும்புக் கத்திகள். காற்று நன்றாக அடித்தால் நம்ம பீச் லோக்கல் ரயிலை ஓரம் கட்டிவிட்டுப் போகும் வேகம். அக்கா அந்த ரேஸில் வருஷா வருஷம் கலந்துகொண்டவர். வேலையை விட்டு ஊர் திரும்பியபோது, ஐஸைத் தவிர மற்ற எல்லாப் பழக்கங்களையும் மூட்டை கட்டிக் கொண்டுவந்துவிட்டார்.

கழுத்தில் சிலுவைச் சங்கிலி. கூடவே ஒரு கயிறு. கயிற்றின் இரண்டு முனையிலும் மரப்பிடி போட்ட ஆணி. ஐஸ் உடைந்து உள்ளே விழுந்தால், அந்த ஆணிகளை விளிம்பில் குத்திக் குத்தி மேலே ஊர்ந்து வரவேண்டுமாம். ஒரு நாள் குரோம்பேட்டையில் பெரிய துணிக்கடை ஒன்றின் வாசலில் செக்யூரிட்டி அவரை நிறுத்தினார்.

"இன்னாம்மா இது, கழுத்துல ஆணி?"

"உயிர் காக்கிறது தம்பி. இரு, காட்டறேன்."

கிரானைட் தரையில் அக்கா குப்புறப் படுத்துவிட்டார். காலை உதைத்து, ஆணியால் குத்துவதுபோல் கையை வீசி, பட்டுப்புடவைப் பிரிவு வரை நீந்தியே போய்விட்டார்.

"ஏந்திரிம்மா! மேனேஜர் பாத்தா என் வேலை பூடும்!"

"எழுந்திரிக்கவே கூடாது தம்பி. எழுந்தா மறுபடி உடையும். உருண்டுதான் போகணும்" என்று சொல்லி உருண்டார். கூடப் போயிருந்த நான், அந்த அம்மாளை முன்பின் பார்த்ததே இல்லை என்கிற முகத்தோடு, ஒரு பொம்மையின் முந்தானையை வெகுநேரம் பரிசோதித்துக்கொண்டிருந்தேன்.

இன்னொரு நாள் எங்கள் தெருவில் கிரகப்பிரவேசம். பந்திக்குக் காத்திருந்த கூட்டம் முழுக்க மழைநீர்க் கால்வாயின் சிலாப் மேல் நின்றது. அக்கா கையைத் தட்டினார். "எல்லாரும் ஒரே இடத்துல நிக்காதீங்க! ஆளுக்குப் பத்தடி விட்டு நில்லுங்க!"

"பத்தடி விட்டா பாயசம் போயிடும் அக்கா" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே கலைந்தோம். மறுநாள் காலை அதே சிலாப், தண்ணீர் கேன் வண்டியின் ஒரு சக்கரத்தை முழுசாக விழுங்கியது. அதற்குப் பிறகும் நாங்கள் அக்காவைக் கிண்டல் செய்தோம். என்ன, பத்தடி தள்ளி நின்று செய்தோம்.

போன வருஷத்துக்கு முந்தின கோடையில், எங்கள் நகருக்குப் பின்னால் இருக்கும் ஏரி பாதிக்குமேல் காய்ந்து தட்டையாகக் கிடந்தது. மிச்சத்தில் ஆகாயத்தாமரை. கரையில் நின்று அக்கா அதைப் பார்த்த பார்வையே சரியில்லை. மறுவாரம் பம்மலில் ஒரு பட்டறையில், பின்லாந்துப் படகை நினைவிலிருந்து வரைந்து செய்யக் கொடுத்துவிட்டார். கத்திக்குப் பதில் மூன்று சக்கரம். துணைக்குப் போன என் காதுபடப் பட்டறை அண்ணன் கேட்டார்:

"இன்னாக்கா இது, சவப்பெட்டி மாதிரி கீது?"

"படுத்துக்கிட்டுதான் ஓட்டணும்."

"அதத்தான் நானும் சொல்றேன்."

எங்கள் நகர்ச் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். ஏரி சங்கத்துடையது அல்ல. அதில் படகு விட அனுமதி கொடுக்க எனக்கு எந்த அதிகாரமும் கிடையாது. அதனால்தான் ரொம்பக் கண்டிப்பாக இருந்தேன். "நானே ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துத்தான் அனுமதி கொடுப்பேன்" என்றேன்.

அக்கா அரை மணி நேரம் பாடம் எடுத்தார். இதில் பிரேக் கிடையாது. கையிலிருக்கும் கயிற்றை விட்டால் பாய் தளர்ந்து வேகம் குறையும். காற்று வரும் பக்கம் படகின் மூக்கைத் திருப்பினால் நின்றுவிடும். சிவப்புத் துணி கட்டிய குச்சிகளைத் தாண்டக் கூடாது. "அந்தப் பக்கம் பச்சையா தெரியறது தரை இல்ல சார். அடியில சேறு, ஆழம் தெரியாது." தலையாட்டுவது என் பதவியின் முக்கியப் பணி. நன்றாக ஆட்டினேன்.

நாலு மணிக்குக் கடல்காற்று வந்தது. பட்டறை அண்ணன் பின்னாலிருந்து ஒரு தள்ளு தள்ளினார். அவ்வளவுதான். வானம் ஓடியது. என் வயிறு மட்டும் புறப்பட்ட இடத்திலேயே நின்றுவிட்டது.

நிறுத்த வேண்டும். கையில் கயிறு இருக்கிறது. நம் ஊரில் கயிற்றை இழுத்தால் மாடு நிற்கும், குதிரை நிற்கும், கண்டக்டர் இழுத்தால் பஸ்ஸே நிற்கும். இழுத்தேன். பாய் இறுகி, வேகம் இரண்டு மடங்கானது. பயந்துபோய் இன்னும் பலமாக இழுத்தேன்.

"விடுங்க சார்! கயித்த விடுங்க!"

"விடமாட்டேன் அக்கா!" என்று வீரமாகக் கத்தியபடியே சிவப்புத் துணிகளைத் தாண்டினேன்.

படகு ஆகாயத்தாமரையில் மோதிக் கவிழ்ந்தது. நான் அதைத் தாண்டிப் போய் விழுந்தேன். காலை ஊன்றினேன், ஊன்ற எதுவுமில்லை. சேறு இடுப்புக்கு வந்தது. உதறினேன், மார்புக்கு வந்தது. எனக்கு நீச்சல் தெரியாது என்பதை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அப்போதும் சொல்ல வாய் வரவில்லை.

அக்கா ஓடிவரவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று கொண்டுவந்திருந்த ஏணியைச் சேற்றின் விளிம்பில் கிடத்தி, அதன்மேல் குப்புறப் படுத்து, இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனையைப் பட்டறை அண்ணனிடம் கொடுத்துவிட்டு, நிதானமாக ஊர்ந்து வந்தார். துணிக்கடையில் பார்த்து நான் வெட்கப்பட்ட அதே ஊர்தல்.

"என்னைப் பாருங்க சார். முன்னாடி போகாதீங்க. வந்த பக்கமே திரும்புங்க. உங்களைத் தாங்கின தரை இங்கதான் இருக்கு."

திரும்பினேன்.

"நிக்கப் பார்க்காதீங்க. அப்படியே படுங்க. காலை மெதுவா ஆட்டுங்க. ஆட்டிட்டே இருங்க."

என் இரண்டு மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டார். கரையிலிருந்து அண்ணன் இழுத்தார். நான் வந்துவிட்டேன்; என் டிராக் பேன்ட் வர மறுத்துவிட்டது. அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு, கழற்றி எடுத்த பாயை என்மேல் போர்த்தினார். அந்த வெயிலிலும் எனக்குப் பல் தந்தியடித்தது. அது நிற்கும்வரை என் கையை அவர் விடவில்லை.

அடுத்த ஞாயிறு சங்கக் கூட்டம். சேறு பூசி, பாய் கட்டி நான் வீடு வந்த காட்சியை ஊரே பார்த்திருந்ததால் கூட்டத்தில் உட்கார இடமில்லை. முன்வரிசையில் என் மனைவி. தலைவர் தொண்டையைச் செருமினார். "தப்பு ஓட்டினவர் மேலயா, வண்டி மேலயா?"

எல்லோரும் சிரிக்கத் தயாராக என்னைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா எழுந்துவிட்டார்.

"வண்டிலதான் கோளாறு. முன் சக்கரம் இறுகிப்போச்சு. சார் நல்லாத்தான் ஓட்டினார்."

ஒவ்வொரு நட்டையும் மூன்று முறை முடுக்கிப் பார்த்தவர் அவர். படகை இனி வெளியே எடுக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். பாதுகாப்பு என்று சொல்லிவிட்டால் அக்கா எந்த விதியையும் மீறமாட்டார். படகு மொட்டைமாடிக்குப் போனது. நான் கமுக்கமாக வீட்டுக்குப் போனேன்.

ரொம்ப நாள் கழித்து ஒருநாள் தைரியம் வந்து கேட்டேன். "ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க?"

"ஆளைத் தண்ணியிலிருந்து தூக்கறது பாதி வேலைதான் சார். அப்புறம் குளிர் ஏறாமப் பார்த்துக்கணும்" என்றார்.

ஆகவே, வாசகர்களே, வண்டியில் ஒரு கோளாறும் இல்லை. கயிற்றை இழுத்தது நான். இதையே சங்கத்துக்கும் எழுதிக் கொடுத்துவிட்டேன். தீர்மானத்தையும் ரத்து செய்துவிட்டார்கள். மனைவியிடம் நேரில் சொன்னேன். மூன்று நாளாகச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். இந்தக் கோடையில் ஏரி காய்ந்தால் அக்கா ஓட்டுவார். யார் ஓட்டினாலும் கரையில் ஓர் ஆள் காத்திருக்க வேண்டுமாம்.

நான் இருக்கிறேன், அக்கா.