ஒரு வீதம் மிச்சம் பிடிக்க ஸ்டுட்கார்ட் போன கதை

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். (பள்ளிக்கூடம்தான் என்னை விட்டது என்று என் மனைவி சொல்வாள். அவளுடைய பேச்சை இங்கே எடுக்க வேண்டாம்.) அப்படியிருந்தும் பிராங்பேர்ட்டில் சட்டி கழுவத் தொடங்கி, இன்று ஒரு துப்புரவு நிறுவனத்துக்கு முதலாளி. ஜெர்மன்காரரே என்னிடம் சம்பளம் வாங்குகிறார்கள். எங்கள் பிள்ளையார் கோயிலுக்கும் தொடங்கிய நாள் முதல் நானே பொருளாளர். காசு விஷயத்தில் என்னை ஒருவராலும் ஏமாற்ற முடியாது என்று சொல்லித் திரிந்தேன். அது உண்மைதான். ஒருவரும் ஏமாற்றவில்லை. நானாகத்தான் போய் விழுந்தேன்.

மகள் துர்க்காவுக்கு ஹாலேயில் மருத்துவம் படிக்க இடம் கிடைத்திருந்தது. அவள் பிறந்ததிலிருந்து அந்தப் படிப்புக்கென்று என் பெயரில் ஒரு கணக்கில் சேர்த்து வந்தேன். அதற்கு வரும் வட்டியில் அரசாங்கம் வரி பிடிக்கும். அந்த வரிக்கு மேலே, நான் சம்பளம் வாங்கத் தொடங்கிய நாளிலிருந்து பிடித்தது போலவே, தேவாலய வரி என்று இன்னொன்றும் பிடிக்கும்.

நான் அதை யோசித்ததே இல்லை. நாய்க்கும் வரி போடுகிற நாடு இது. தேவாலய மணி ஊர் முழுக்கக் கேட்கிறது, ஊர் முழுக்கக் கட்டுகிறது என்று நினைத்திருந்தேன். என் வரிக் கணக்கைச் செய்யும் ஜெர்மன்காரரும் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு மனிதனுக்குத் தன் சமயம் தெரிந்திருக்கும் என்று அவர் நம்பியிருக்கிறார், பாவம்.

அந்த வருடம் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்தில் இருந்தவர் அந்தோனி. என்னோடு ஒரே அகதி முகாமில் இருந்தவர், இப்போது ஸ்டுட்கார்ட்டில் இருக்கிறார். பேச்சுவாக்கில் சொன்னார்: "தேவாலய வரி உங்கடை மாநிலத்திலை ஒன்பது வீதம் அண்ணை. எங்கடையிலை எட்டுத்தான்."

எனக்கு வடை இறங்கவில்லை. அடுத்த மாதம் கோயில் நிர்வாகத் தெரிவு. வங்கியில் வேலை செய்யும் ஒரு பொடியன் என் பதவிக்கு நிற்கப் போகிறான் என்று கதை அடிபட்டது. நான் ஆர் என்று காட்ட இதைவிட நல்ல சந்தர்ப்பம் வருமா?

"அப்ப பிள்ளையின்ரை படிப்புக் காசை உங்கடை ஸ்டுட்கார்ட்டுக்கு மாத்திறன்" என்று பந்தி முழுக்கக் கேட்கச் சொன்னேன். "படிச்ச ஆக்களுக்கு இது தெரியாது."

அந்தோனி ஏதோ கேட்க வாயைத் திறந்தார். நான் விடவில்லை. (நான் பேசும்போது மற்றவர்கள் கேட்க வேண்டும் என்பது என் கொள்கை.)

அந்தோனியே ஸ்டுட்கார்ட்டில் ஒரு வங்கியில் சந்திக்க நேரம் குறித்து டெர்மின் எடுத்துத் தந்தார். நான், மனைவி, துர்க்கா மூவரும் ரயிலில் போனோம். கோட்டு, டை, நெற்றியில் மூன்று குறி விபூதி. நல்ல காரியம் அல்லவா? அந்தோனியும் எங்களோடு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

வங்கி அம்மா நான் கொண்டுபோன பழைய கணக்கு விபரத்தைப் பார்த்தா. பிறகு என் நெற்றியைப் பார்த்தா. திரும்பவும் கணக்கைப் பார்த்தா. துர்க்காவிடம் மெதுவாக ஏதோ சொன்னா.

"அப்பா, கணக்கு எங்கை இருந்தாலும் ஒண்டுதானாம். நீங்கள் இருக்கிற இடத்து வரிதானாம் பிடிப்பினம்."

"சரி, அதுக்கேன் அவ என்ரை முகத்தைப் பாக்கிறா?"

துர்க்கா உதட்டைக் கடித்தாள். "நீங்கள் கத்தோலிக்கராம்."

"ஆர்?"

"நீங்கள்தான். சேர்ச்சிலை பதிஞ்ச ஆக்களிட்டை மட்டும்தான் இந்த வரி எடுக்கிறது."

என் காதுக்குள் தேவாலய மணி அடித்தது. மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இஞ்சாருங்கோ, எனக்குத் தெரியாமல் எப்ப ஞானஸ்நானம் எடுத்தனீங்கள்?"

"நானும் அண்டைக்குப் பந்தியிலை அதைத்தான் கேக்க வந்தனான்" என்றார் அந்தோனி. "சோதரா, ஞாயிறு பூசைக்கு வாறியளோ?"

அப்போதுதான் ஞாபகம் வந்தது. இந்த நாட்டுக்கு வந்த புதிதில், பதிவு செய்யும் கந்தோரில் ஒரு அம்மா என்னுடைய சமயத்தைக் கேட்டா. எனக்குப் பாஷை தெரியாது. (அதற்காக வாயடைத்து நிற்கிற ஆளா நான்?) பணப்பையைத் திறந்து உள்ளே இருந்த படங்களைப் பெருமையாகக் காட்டினேன். பிள்ளையார், நல்லூர் முருகன், மடு மாதா. மடு கத்தோலிக்கக் கோயில்தான், ஆனால் சைவரும் போவார்கள்; எங்கள் ஆட்களில் யார் கும்பிடாத மாதா? அந்த அம்மா மூன்றையும் பார்த்தா. அவவுக்குத் தெரிந்த முகம் ஒன்றுதான். சிரித்துக்கொண்டு எழுதினா. என் சாமிகளுக்கு ஜெர்மனியில் நல்ல மரியாதை என்று நானும் சிரித்தேன்.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. என் அறுபதாவது பிறந்தநாளுக்கு எங்கள் பகுதிப் பாதிரியார் வைன் போத்தலோடு வீட்டுக்கு வந்து வாழ்த்தினார். சைவக் கோயில் பொருளாளருக்கு வெள்ளைக்காரப் பாதிரியார் தரும் மரியாதை என்று அந்தப் படத்தைப் பெரிதாக்கிக் கோயில் மண்டபத்தில் மாட்டியிருந்தேன். அந்த மனுஷன் தன் சபை உறுப்பினரைப் பார்க்க வந்திருக்கிறார்.

பிராங்பேர்ட் திரும்பியதும் துர்க்கா நீதிமன்றத்தில் டெர்மின் எடுத்தாள்; சபையை விட்டு விலகுவதை எங்கள் மாநிலத்தில் அங்கேதான் பதிய வேண்டும். சேராத சபையிலிருந்து விலக நான் கட்டணம் கட்டினேன். சேர்ந்தது இலவசம். இவ்வளவு காலமும் கட்டியது திரும்பி வரவில்லை. அந்தோனி தொலைபேசியில் சும்மா இருந்தாரா? நான் ரயிலால் இறங்குவதற்குள் கோயில் முழுக்கத் தெரிந்துவிட்டது.

தெரிவுக் கூட்டத்துக்குப் போகும்போது ஒரே கேள்விக்குத்தான் பயந்தேன். பிள்ளையார் கோயில் பொருளாளர் கத்தோலிக்கனா என்று கேட்பார்கள். பதிலை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். மடு மாதாவையும் நல்லூரானையும் சேர்த்து நல்ல பேச்சு. ஒருவரும் அதைக் கேட்கவில்லை. பாதிப் பேர் ஆடி மாதம் மடுவுக்குப் போகிற ஆட்கள், மிச்சப் பேர் இங்கேயே மாதா திருவிழாவுக்கு பஸ் பிடிக்கிற ஆட்கள்.

பின்வரிசையில் இருந்து ஒரு அக்கா எழும்பினா. "அண்ணை குறை நினைக்காதேங்கோ. தன்ரை காசு முப்பது வருசமா எங்கை போகுதெண்டு பாக்காத ஆள், கோயில் காசை எப்பிடிப் பாத்தவர்?"

நான் மடு மாதாவிலிருந்து தொடங்கப் போனேன், அக்கா கையைக் காட்டி நிறுத்தினா.

"வீட்டிலை செலவுக் கணக்கு ஆர் பாக்கிறது?" என்றா.

"அவதான்" என்றேன், வாய் தவறி.

"அப்ப அவவையே போடுவம்."

எல்லாக் கையும் உயர்ந்தது. வங்கிப் பொடியனும் தூக்கினான். மனைவி என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் நானும் தூக்கினேன்.

இப்போது கோயிலுக்குப் பூவும் எண்ணெயும் வாங்குவது என் வேலை. பற்றுச்சீட்டைப் பொருளாளரிடம் கொடுக்க வேண்டும். "நான் வாங்கினா மலிவாத்தான் வாங்குவன்" என்று தொடங்கினால் போதும், அவள் இரண்டு கையையும் கூப்பி "ஆமென்" என்பாள். ஹாலேயிலிருந்து பேசும்போது துர்க்காவும் சொல்கிறாள்.

பாதிரியாரோடு நான் நிற்கும் படம் இன்னும் மண்டபத்தில் தொங்குகிறது. கழற்றச் சொல்லிக் கேட்டேன்.

"ஆணி அடிச்ச செலவு கணக்கிலை ஏறீட்டுது" என்றாள் பொருளாளர். "படம் இருக்கட்டும்."

"ஆமென்" என்றேன்.