சேத்துக்கால் வைத்த போர்டு

காரைக்குடியில் கடல் கிடையாது. இருந்தும் ஒரு மனிதர் ஞாயிறு தவறாமல் முழங்கால்வரை கடற்சேற்றோடு எங்கள் தெருவுக்குத் திரும்பினார் என்றால், அவரைவிடப் பிடிவாதக்காரர் உலகத்தில் பிறந்திருக்க முடியாது.

பஞ்சர் கடைக்காரர். பெயரெல்லாம் ரேஷன் கார்டுக்குத்தான், எங்களுக்குச் சேத்துக்கால். கடலோரத்தில் அவர் மனைவியின் ஊரில் ஒரு கழிவெளி இருக்கிறது. ஓடை வழியே கடல்நீர் ஏறி இறங்கும் சேற்றுநிலம். அங்கே போய் அலையாத்திக் கன்று நடுவார். ஊர்க்காரர்கள் கரையில் நின்று, மாப்பிள்ளைக்குப் புத்தி பிசகிவிட்டதென்று வருத்தப்படுவார்கள்.

யாரும் நிலத்தை நிரவிவிடக் கூடாதே என்று ஒரு போர்டு வைத்தார்: ‘கழிவெளி. ஊர்ப் பொது இடம்.’ ஆயுள் முழுக்க அரசாங்கக் கோப்பைத் திருத்தியவன் நான். அதில் ஓர் எழுத்துப்பிழைகூட இல்லை.

அடுத்த ஞாயிறு நானும் கூடப் போனேன். ஓடை வாயில் டிராக்டர் குப்பையைச் சரித்துக்கொண்டிருந்தது.

“யாரைக் கேட்டுடா கொட்டுற?”

“நீங்கதானண்ணே கழிவு வெளின்னு போர்டு வச்சிருக்கீக? பொது இடம்னு வேற போட்டிருக்கீக. அதான் இங்குட்டு வந்தேன்” என்றான் ஓட்டுநர்.

“கூறுகெட்டவனே! கழிவு இல்லடா, கழி! கடத்தண்ணி ஏறி இறங்குற எடம்!”

“அப்ப அதையில்ல எழுதியிருக்கணும்?”

போர்டைக் கழற்றினார். அதற்குள் டிராக்டருக்கு வழி பழகிவிட்டது.

ஓடை அடைந்தால் கடல்நீர் ஏறாது. ஏறாவிட்டால் கன்று கருகும். நான் முறைப்படி மனு எழுதினேன். ஊராட்சி வனத்துறையைக் காட்டியது. வனத்துறை வருவாய்த்துறையைக் காட்டியது. வருவாய்த்துறை ஊராட்சியைக் காட்டியது. எல்லாம் முறைப்படி நடந்தது. கன்றுகளும் முறைப்படி கருகத் தொடங்கின.

“நீங்க பேப்பரைப் பாருங்க சார், நான் சேத்தைப் பாக்குறேன்” என்று இறங்கி, வெறுங்கையால் குப்பையை அள்ளினார்.

மூன்று துறைகள் செய்யாததை அவர் மாமியார் ஒரு சத்தத்தில் செய்தார். “மாப்பிள்ளை குப்பை அள்ளுறாக! நாம நின்னு பாத்தா, பொண்ணு குடுத்த ஊருக்கு மானம் இருக்கா? இறங்குங்கடி!”

ஊரே இறங்கியது. சாயங்காலத்துக்குள் ஓடை பாதி திறந்துவிட்டது. அன்றுதான் குப்பைக்குள் கிடந்த கண்ணாடி அவர் காலைக் கிழித்தது. சர்க்கரை வியாதிக்காரர், புண் ஆறவில்லை. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கால் போனதற்காகப் பட்டப்பெயரைத் திருத்த எங்கள் தெருவில் விதி இல்லை. இன்றும் சேத்துக்கால்தான்.

இப்போது ஞாயிறுகளில் நான் போய்ப் பார்த்து வருகிறேன். பெண்கள் அள்ளுகிறார்கள், டிராக்டர் கொட்டுகிறது.

“தண்ணி ஏறுச்சா சார்?”

“இல்லப்பா.”

“கன்னு?”

“பாதிக்கு மேல போயிருச்சு.”

சுவர்க் காலண்டரில் விரலை ஓட்டுவார். “அமாவாசைக்குக் கடல் பொங்கும் சார். அன்னைக்கு ஏறிரும்.”

ஏறாது. பார்த்தவன் சொல்கிறேன். ஆனாலும் அமாவாசையன்று போகிறேன். தப்பித்தவறி ஏறிவிட்டால், அதை அந்த மனிதரிடம் முதலில் சொல்கிறவன் நானாக இருக்க வேண்டும்.