மூன்று கறுப்புக் கோட்டும் ஒரு கழிப்பறைக் குழியும்

எனக்கு ஒரு வியாதி உண்டு. ஒருவரிடம் கேட்டு முடிவெடுக்கத் தெரியாது. பிள்ளைக்குத் தடிமன் என்றால் மருந்துக்கடைக்காரரிடம் கேட்பேன், ஆஸ்பத்திரி மிஸ்ஸிடம் கேட்பேன், பஸ்ஸில் பக்கத்தில் உட்காரும் பெண்ணிடமும் கேட்பேன். எல்லோரும் சொன்னதை ஒரு கொப்பியில் எழுதிவைத்துக்கொண்டு, எதைச் செய்வது என்று விடிய விடிய யோசிப்பேன். (அதற்குள் தடிமன் தானாகப் போய்விடும்.) இந்த வியாதி என்னைக் குற்றவாளிக் கூண்டு வரைக்கும் கொண்டுபோனது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். அதனால் முழுவதையும் சொல்லிவிடுகிறேன்.

ஐந்து வருடத்துக்கு முந்திய கதை. பெல்மதுளைக்கு இந்தப் பக்கம் ரப்பர் தோட்டத்து ஓரத்தில் எங்களுக்கு ஏழு பேர்ச் காணி கிடைத்தது. காணி என் பெயரில். வீடு கட்டியாயிற்று, கரண்ட் வந்தாயிற்று, கழிப்பறை மட்டும் இல்லை. தோட்டத் தொழிலாளர் லயத்துப் பொதுக் கழிப்பறைக்கு மேடேறிப் போக வேண்டும். எட்டு மாதக் கைக்குழந்தையோடு மழையில் மேடேறிப் பார்த்தவர்களுக்கு என் கஷ்டம் புரியும்.

என் கணவர் சேகர் பஜாரில் ஒரு கடையில் வேலை. குழி வெட்டத் தன் கூட்டாளி பியதாச அண்ணனைக் கூட்டிவந்தார். எங்கள் பக்கத்தில் குழி வெட்டத் தெரிந்த யாராக இருந்தாலும் மாணிக்கக்கல் எடுக்கக் குழி வெட்டிப் பழகியவர்தான். பியதாச அண்ணனும் அப்படியே. அவருக்கு ஒரே ஒரு விதமாகத்தான் குழி வெட்டத் தெரியும். வாய் சதுரமாக இருந்தது. மண் சரியாமலிருக்க நாலு பக்கமும் பாக்கு மரக் குற்றிகளை அடுக்கினார். குற்றிக்கும் மண்ணுக்கும் நடுவில் காட்டில் வளரும் பன்னச் செடியின் இலையைக் கட்டுக் கட்டாகத் திணித்தார். ஊற்று வந்ததும் எங்கிருந்தோ ஒரு தண்ணீர் மோட்டாரைக் கொண்டுவந்து வைத்தார். பதினொரு அடி. மேலே இருந்து பார்த்தால், உள்ளே இறங்கிக் கல் தேடலாம் போலிருந்தது.

"அண்ணே, கக்கூசுக்கு இவ்வளவு அலங்காரம் வேணுமா?" என்று கேட்டேன்.

"தங்கச்சி, நான் வெட்டின குழி இதுவரைக்கும் ஒண்ணுகூட இடிஞ்சதில்ல" என்றார்.

இடியவில்லைதான். மூன்றாம் நாள் பொலிஸ் ஜீப் வந்தது. மோட்டார்ச் சத்தத்தை யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஜீப்பைக் கண்டதும் பியதாச அண்ணன் குழியிலிருந்து எகிறி ரப்பர் காட்டுக்குள் ஓடிவிட்டார். அது அவருடைய தொழில் பழக்கம். இன்றைக்கு ஓட வேண்டிய அவசியமில்லை என்பது ஓடையைத் தாண்டிய பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்ததாம்.

குழிப் பக்கத்தில் மிஞ்சியது நானும் இடுப்பில் பாப்பாவும்.

சார்ஜன்ட் அதிகம் கேட்கவில்லை. நான்தான் கேட்காததற்கெல்லாம் பதில் சொன்னேன். காணி என் பெயரில் என்றேன். ஆழம் பதினொரு அடி என்றேன். ஓடினவர் பதினைந்து வருடமாகக் கல் எடுக்கிறவர், மிகவும் கெட்டிக்காரர் என்றேன். தேத்தண்ணீர் குடிக்கிறீர்களா என்றும் கேட்டேன். அவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். (தேத்தண்ணீரை மட்டும் எழுதவில்லை.) அனுமதிப்பத்திரம் இல்லாமல் மாணிக்கக்கல் அகழ்ந்ததாக என்மேல் வழக்கு. பொலிஸ் பிணையில் விட்டார்கள். இரண்டு வாரத்தில் நீதிமன்றத்துக்கு வரச் சொன்னார்கள்.

நான் அப்போது ஆசிரியர் பரீட்சையில் சித்தியடைந்து, நேர்முகத் தேர்வுக் கடிதத்துக்காகக் காத்திருந்தேன். அதற்கான படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: நீதிமன்றத்தில் எப்போதாவது குற்றவாளியாகக் காணப்பட்டிருக்கிறீர்களா? அந்த வரியை வாசித்து வாசித்து அழுதேன். தீர்ப்பு எதிராக வந்தால் வேலை போச்சு.

"நல்ல லோயர் ஒருத்தர புடிப்போம்" என்றார் சேகர்.

ஒருத்தர் என்று அவர் சொன்னது எனக்குச் சரியாகக் கேட்டது. ஆனாலும் ஒருவரிடம் மட்டும் எப்படிக் கேட்பது?

எங்கள் பக்கத்தில் வைத்தியரிடமோ, ஆசிரியரிடமோ, சாத்திரக்காரரிடமோ முதல் தரம் ஒரு காரியமாகப் போனால் வெற்றிலை கொண்டுபோவது மரியாதை. நான் ஒரு கட்டு வெற்றிலையைக் கழுவித் துடைத்துக் கட்டினேன்.

"பேசிப் பாக்கத்தானே போற, எதுக்கு வெத்தில?" என்றார் சேகர்.

"வெறுங்கையோட போய் நிக்கச் சொல்றீங்களா?"

முதலாவது சட்டத்தரணி வயதானவர். இரண்டு கையாலும் வெற்றிலையை வாங்கி, அப்போதே ஒன்றைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டார். "துவ" என்று மகளைக் கூப்பிடுவதுபோல அன்பாகக் கூப்பிட்டார். "பிழை செஞ்சேன்னு ஒத்துக்கங்க. தண்டம் கட்டிட்டு மத்தியானச் சோத்துக்கு வீட்டுக்குப் போயிரலாம்."

"நான் பிழை செய்யலையே சேர்."

"அது வேற விசயம்" என்றவர், டயரியில் என் பெயரையும் வழக்குத் தேதியையும் எழுதினார்.

மறுநாள் இரண்டாமவரிடம் போனேன். கையில் இன்னொரு கட்டு வெற்றிலை. (முதலாமவருக்குக் கொடுத்துவிட்டு இவருக்குக் கொடுக்காவிட்டால் பாரபட்சம்.) இவர் கோபக்காரர். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு மேசையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"குழியே இல்லைன்னு சொல்றோம்."

"குழி இருக்குதுங்க சேர். பதினொரு அடி."

"நீங்க யாரோட கட்சி? அத பொலிஸ் நிரூபிக்கட்டும்." அவரும் டயரியில் எழுதினார்.

மூன்றாமவர் எங்கள் பக்கத்துத் தமிழ்ப் பெண். தொழிலுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. கோட்டு அவருக்கு ஒரு சைஸ் பெரிது. வெற்றிலையை வாங்கி, பைலுக்கு மேல் பத்திரமாக வைத்தார்.

"அக்கா, உள்ளத சொல்லுவோம். கக்கூசு குழிதான்னு காட்ட ஆதாரம் இருக்கா? கக்கூசு பீங்கான் வாங்கின பில்லு?"

"பில்ல பாப்பா தின்னுருச்சு மிஸ்."

"வேற ஏதாச்சும் இருந்தா கொண்டாங்க" என்று சொல்லிவிட்டு, அவரும் டயரியைத் திறந்தார்.

மூவருமே அன்று பீஸ் பற்றி வாய் திறக்கவில்லை. பணம் பேசாதவரை எதுவும் முடிவாகவில்லை என்று நான் நினைத்தேன். கொப்பியில் மூன்று கட்டம் போட்டு, நல்லது கெட்டது எழுதி, வழக்கு நாள் காலை வரைக்கும் யோசித்தேன். வெற்றிலையை வாங்கிக்கொண்ட அந்த நிமிடமே வழக்கு தங்களுடையது என்று மூவரும் முடிவு செய்துவிட்டது எனக்குத் தெரியாது. எங்கள் சனம் கல்யாணத்தையே வெற்றிலை மாற்றி நிச்சயம் பண்ணுகிற சனம். நான் மூன்று இடத்தில் நிச்சயம் பண்ணிவிட்டு, மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தேன்.

வழக்கு நாள் வந்தது. மிஸ் கேட்ட ஆதாரம் என்று பீங்கானையே பெட்ஷீட்டில் சுற்றித் தூக்கிக்கொண்டேன். சேகர் பாப்பாவைத் தூக்கிக்கொண்டார். பஸ்ஸில் அதை ஜன்னலோரம் வைத்தேன்.

"அக்கா, அவுங்களுக்கும் டிக்கட் போடவா? சீட்ல ஒக்காந்திருக்காங்க" என்றான் கண்டக்டர்.

என் பெயரைக் கூப்பிட்டதும் மூட்டையோடு கூண்டில் ஏறப் பார்த்தேன். கூண்டு வாசலில் அது சிக்கிக்கொண்டது. ஒரு பொலிஸ்காரர் வாங்கிக் கீழே வைத்தார். அப்போது முன் வரிசையில் மூன்று கறுப்புக் கோட்டு ஒரே நேரத்தில் எழுந்தது.

"எதிரிக்காக நான் ஆஜராகிறேன்" என்று மூன்று குரல்கள். (எதிரி என்றால் குற்றம் சாட்டப்பட்டவர், அதாவது நான்.)

மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு மூவரும் என்னைப் பார்த்தார்கள். நான் கூரையைப் பார்த்தேன்.

நீதவான் ஓர் அம்மையார். பேனாவைக் கீழே வைத்தார். "என்ன வழக்கு? கொலையா?"

"இல்லை மெடம், குழி" என்றார் சார்ஜன்ட்.

பேச்செல்லாம் சிங்களத்தில். எனக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும் என்பதால், என் மானம் போவது மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே விளங்கியது.

பெரியவர் முந்திக்கொண்டார். "எதிரி குற்றத்தை ஒப்புக்கொள்கிறார். கைக்குழந்தைக்காரி, கருணை காட்ட வேண்டும்."

"என் கட்சிக்காரர் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை" என்றார் கோபக்காரர். "அப்படி ஒரு குழியே கிடையாது."

மிஸ்ஸின் குரல் மெல்லியதாக வந்தது. "குழி இருக்கிறது, கனம் நீதவான் அவர்களே. ஆனால் அது கழிப்பறைக்கு."

நீதவான் அம்மையார் என் பக்கம் திரும்பினார். "ஒருவர் நீங்கள் கல் எடுத்தீர்கள் என்கிறார். ஒருவர் குழியே இல்லை என்கிறார். ஒருவர் கழிப்பறை என்கிறார். நான் எதை எழுதட்டும்? இவர்களில் யார் உங்கள் லோயர்?"

மூன்று பேரும் நல்லவர்கள். ஒருவரைச் சொன்னால் மற்ற இருவரின் மனம் நோகும். சேகர் பின் வரிசையிலிருந்து கையால் என்னவோ காட்டினார், விளங்கவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"மூணு பேருக்குமே வெத்தில குடுத்துட்டேன் மெடம்."

நீதிமன்றத்தில் சிரிக்கக்கூடாது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அன்று அந்தச் சட்டத்தை யாரும் மதிக்கவில்லை. கூண்டுக்குப் பக்கத்தில் நின்ற, கோழி திருடிய வழக்குக்காரர்கூட விலங்கோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

அம்மையார் மட்டும் சிரிக்கவில்லை. (பிறகு யோசித்தால், உதட்டைக் கடித்துக்கொண்டிருந்திருக்கலாம்.) "வெற்றிலையை விடுங்கள். இந்த மூன்றில் எது உண்மை?"

அதற்கு எனக்குக் கொப்பி தேவைப்படவில்லை. மூன்று கட்டமும் தேவைப்படவில்லை.

"மிஸ் சொன்னதுதான் மெடம். கக்கூசுக் குழி. சாமான் கொண்டாந்திருக்கேன்."

"என்ன சாமான்?"

பொலிஸ்காரர் பெட்ஷீட்டை அவிழ்த்தார். நீதிமன்றத்தின் நடுவில், அரச இலச்சினைக்கு நேர் கீழே, வெள்ளை வெளேரென்று அது உட்கார்ந்திருந்தது.

கோபக்காரர் உட்காருவதற்கு முன் ஒரு வசனம் சொன்னார். "குழி இல்லை என்றுதான் சொன்னேன். பீங்கான் இல்லை என்று நான் சொல்லவே இல்லை." பெரியவர் என் பக்கம் சாய்ந்து, "துவ, இனிமே வெத்திலைய கடையிலயே வெச்சிட்டு வாங்க" என்றார்.

இடத்தைப் போய்ப் பார்த்து அறிக்கை தரும்படி உத்தரவானது. சார்ஜன்டும் கிராம உத்தியோகத்தரும் வந்தார்கள். குழியில் தவளை மட்டும் இருந்தது. கழிப்பறை கட்ட உதவி கேட்டு நான் முன்பே எழுதிய கடிதத்தையும் கிராம உத்தியோகத்தர் எடுத்துவந்திருந்தார். (ஏழு பக்கம். அவர் அதை அன்றுதான் முழுவதும் வாசித்தாராம்.) அடுத்த வழக்குத் தவணையில் பொலிஸ் வழக்கை வாபஸ் வாங்கியது. நான் விடுதலை. மிஸ் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். அது அவர் வென்ற முதல் வழக்காம்.

நேர்முகத் தேர்வில் அந்தக் கேள்விக்கு "இல்லை" என்று எழுதினேன். ஆனால் மனம் கேட்காமல், நடந்ததையெல்லாம் தனித் தாளில் எழுதி இணைத்திருந்தேன். அதிகாரிகள் தாளைக் கைமாற்றிக் கைமாற்றி வாசித்தார்கள். ஒருவர் தண்ணீர் குடிக்க எழுந்து வெளியே போய்விட்டார். தலைவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"கட்டி முடிச்சாச்சா?"

"முடிச்சாச்சு சேர். கதவுக் கொண்டிதான் இன்னும் சரியில்ல."

வேலை கிடைத்தது.

பீங்கான்தான் கொஞ்ச நாள் நீதிமன்றக் களஞ்சியத்தில் இருந்தது. அங்கே யாரோ பொறுப்பானவர், தொலையாமலிருக்க அதன் விளிம்பில் கறுப்புப் பெயின்டால் வழக்கு இலக்கத்தை, நடுவில் வரும் சாய்ந்த கோட்டோடு, எழுதிவிட்டார். திருப்பித் தந்த பிறகு தேங்காய்த் தும்பு, மண்ணெண்ணெய், புளி எல்லாம் போட்டுத் தேய்த்துப் பார்த்தோம். (மூன்று பேரிடம் கேட்டுத்தான்.) போகவில்லை. அப்படியே பதித்துவிட்டோம்.

இந்த வருடம் மகள் நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்திலேயே ஒன்றாம் வகுப்புக்கு வந்தாள். முதல் வாரத்தில் அவளுடைய டீச்சர் கொப்பியோடு என்னைத் தேடி வந்தார். தெரிந்த எண்ணை எழுதச் சொன்னாராம். மற்றப் பிள்ளைகள் ஒன்று, இரண்டு, மூன்று எழுத, இவள் ஐந்து இலக்கத்தில் ஓர் எண்ணை ஒரு பிழையில்லாமல் எழுதியிருக்கிறாள். நடுவில் ஒரு சாய்ந்த கோடு வேறு.

"இந்த வயசுல எப்படி டீச்சர்? யாரு சொல்லிக் குடுத்தா?" என்று ஆச்சரியமாகக் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள், மகளைக் கூட்டிப்போக வந்திருந்த சேகர் பதில் சொல்லிவிட்டார்.

"தானாத்தான் படிச்சா டீச்சர். தெனமும் காலையில தனியா கதவ சாத்திக்கிட்டு அரை மணித்தியாலம் ஒக்காந்துருவா."