மேல் வீட்டு முத்திரை

‘டொம்!’

கூரையிலிருந்து சத்தம் வந்ததும் பெரிய மருமகள் கரண்டியை அப்படியே பாத்திரத்துக்குள் விட்டுவிட்டாள்.

"ஏங்க, கேட்டுச்சா?"

"என்ன?" என்றான் கணவன். லிஃப்ட் மெக்கானிக். பகல் முழுக்க ஏறி இறங்கிவிட்டு வருகிறவன் என்பதால், வீட்டில் எதற்கும் அசைய மாட்டான்.

"மேல் வீட்டுல உங்கப்பா முத்திரை குத்துறாரு. இந்த வாரத்துல இது நாலாவது."

"குத்தட்டுமே. மேசை அவங்க வீட்டு மேசைதானே?"

இப்படி ஒரு புருஷன் இருந்தால் வயிற்றெரிச்சலுக்குத் தனியாக அடுப்பு எதற்கு?

முத்திரை என்பது அந்தக் குடும்பத்தில் சாதாரண விஷயம் அல்ல. மாமனார் எடை அளவு இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்திரண்டு வருஷம் கடை கடையாகப் போய்த் தராசையும் எடைக்கல்லையும் சோதித்தவர். சரியான கல்லுக்குச் சுத்தியலால் ஓங்கி ஒரு முத்திரை. சரியில்லாத கல்லை ஓரமாகத் தள்ளி வைத்துவிடுவார், அவ்வளவுதான். மாமா பிள்ளையே வந்து கெஞ்சினாலும் பொய் முத்திரை குத்தியதில்லை. அந்தப் பழக்கம் சாப்பாட்டு மேசைக்கும் வந்துவிட்டது. ஒரு பதார்த்தம் மனசுக்குப் பிடித்துவிட்டால் முஷ்டியால் மேசையை ஒரு குத்து. கூடவே ஒரு முழக்கம்: "முத்திரை!"

பதினெட்டு வருஷமாக அந்தக் குத்துக்காகத்தான் பெரியவள் சமைத்துக்கொண்டிருந்தாள். கணவன் வண்டிக்குப் பெட்ரோல் போடுவதுபோலச் சாப்பிடுவான். வயிறு நிறைந்தால் எழுந்துவிடுவான். பொழுது விடிந்ததும் எழுந்து நறுக்கி, அரைத்து, கொதிக்க வைக்கிறவளுக்கு அந்த ஒரு குத்துதான் சம்பளம், போனஸ் எல்லாம்.

மதியச் சாப்பாடு முதல் மாடியில் பெரியவள் வீட்டில், ராத்திரிச் சாப்பாடு இரண்டாவது மாடியில் சின்னவள் வீட்டில் என்பது மாமனார் வைத்திருந்த ஏற்பாடு. மழைக்காலத்தில் ஜலதோஷம் பிடித்துப் பத்து நாள் படுத்துக் கிடந்தார். அப்போது வேளாவேளைக்கு மிளகு போட்டு சூப் வைத்துக் கொடுத்துத் தேற்றியது யார்? பெரியவள். தேறி எழுந்த மனிதர் போய் முத்திரை குத்துவது எங்கே? மேல் வீட்டில். நான்கு மாதமாகக் கீழ் வீட்டு மேசை ஒரு குத்துக்கூட வாங்கவில்லை.

மறுநாள் பெரியவள் களத்தில் இறங்கினாள். கோழிக் குழம்பை மூன்று மணி நேரம் சின்னத் தீயில் வைத்தாள். கறி வெண்ணெயாக வெந்து, கரண்டி பட்டாலே எலும்பைவிட்டு நழுவியது. வாசனை படியிறங்கித் தெருவுக்கே போய்விட்டது. கீழே கடை வைத்திருக்கும் மருந்துக்கடைக்காரர் வெளியே வந்து மாடியை அண்ணாந்து பார்த்தார்.

மாமனார் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். பெரியவள் மேசையையே பார்த்துக்கொண்டு நின்றாள். முஷ்டி மடங்கவில்லை.

"நல்லா இருக்கும்மா" என்றார்.

நல்லா இருக்கு! ஓரமாகத் தள்ளி வைத்த எடைக்கல்லைப் பார்த்துச் சொல்கிற வார்த்தை.

"நேத்து மேல என்ன மாமா சாப்பிட்டீங்க?" என்று போகிற போக்கில் கேட்பதுபோலக் கேட்டாள்.

மாமனார் முகம் மலர்ந்தது. "உருளைக்கிழங்கு வறுவல்மா. அடடா! சின்னவ என்னமா பண்ணியிருந்தா!"

அவள் குழம்புப் பாத்திரத்தை ‘டங்’கென்று மூடினாள்.

அன்று சாயங்காலமே ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள். "கொஞ்சம் சர்க்கரை இருக்குமா?" என்பது சாக்கு. சின்னவள் தபால் ஆபீசிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். காதுக்கும் தோளுக்கும் நடுவில் போன், ஒரு கையில் கரண்டி, இன்னொரு கையில் சீப்பு. அடுப்பில் கிழங்கு கருகிக்கொண்டிருந்தது.

"வாங்கக்கா! ஐயோ, மறுபடியும் கருகிடுச்சு!"

பெரியவள் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள். விளிம்பெல்லாம் கரி, நடுவில் பச்சை. கடித்தால் ‘கடக்’ என்றது. உப்பு எங்கேயோ ஒரு மூலையில் இருந்தது.

"இதையா மாமா சாப்பிடுறாரு?"

"அதான்க்கா எனக்கும் புரியல. தூக்கிப் போடப் போனா, குடும்மானு வாங்கிச் சாப்பிடுறாரு. எல்லாம் உங்களைப் பார்த்துக் கத்துக்கிட்டதுதானேக்கா."

அந்தக் கடைசி வாக்கியம்தான் வெந்த புண்ணில் வேல் பாய்ச்சியது. என்னைப் பார்த்தா? நான் என்றைக்கடி கரியை வறுத்தேன்? ஆக, ருசி ஒன்றும் இல்லை. இது பாரபட்சம். சின்னவள் சிரித்துச் சிரித்துப் பேசுகிறாள், கிழவர் மயங்கிவிட்டார். இப்படித் தீர்ப்பு எழுதிக்கொண்டு, சர்க்கரையைக்கூட வாங்காமல் படி இறங்கினாள்.

வெள்ளிக்கிழமை அது வெடித்தது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு, "பார்த்துக்குங்க மாமா" என்று சொல்லிவிட்டு மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போனாள். திரும்பி வந்தால் வாசலிலேயே மூக்கைப் பொத்த வேண்டியிருந்தது. பால் பொங்கி, வழிந்து, தீய்ந்து, பாத்திரத்தின் அடி கறுத்துக் கிடந்தது. அடுப்புக்கு மூன்றடி தள்ளி மாமனார் நிம்மதியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"மாமா! இந்த நாத்தம் தெருவுக்கே அடிக்குது, உங்களுக்குத் தெரியலையா?"

"கவனிக்கலைம்மா."

"எப்படிக் கவனிப்பீங்க? இதே மேல் வீட்டுப் பாலா இருந்தா ஓடிப்போய் இறக்கியிருப்பீங்க. கீழ் வீட்டுப் பால்தானே, தீஞ்சா என்ன!"

சொல்லி முடித்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். மாமனார் பேப்பரை நான்காக மடித்து வைத்தார்.

"உனக்கு வேலை ஜாஸ்தியாப் போச்சும்மா. திங்கட்கிழமையிலேருந்து மதியச் சாப்பாட்டையும் மேலேயே வெச்சுக்கிறேன். சின்னவ காலையில டப்பாவுல போட்டு வெச்சுட்டுப் போயிடுவா."

பிடிக்கப் போனது ஒரு முத்திரை, கைவிட்டுப் போனது ஆளே! இனி யாருக்காக விடியற்காலையில் எழுந்து அடுப்பைப் பற்ற வைப்பது? லிஃப்ட் மெக்கானிக்குக்காகவா? அவள் துணிக் குவியலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

அழுது முடித்ததும் ஒரு யோசனை வந்தது. ஞாயிற்றுக்கிழமை இரண்டு குடும்பமும் கீழ் வீட்டில் ஒன்றாகச் சாப்பிட வேண்டும். மருமகள்கள் இருவரும் உருளைக்கிழங்கு சமைக்க வேண்டும். பக்கச் சார்பில்லாத சாட்சியாக மருந்துக்கடைக்காரர் வர வேண்டும். அவர் மாமனாரோடு தினமும் சதுரங்கம் ஆடுகிறவர். அழைத்ததும் என்னவோபோல விழித்தார்.

"நானா? எனக்கு எதுக்கும்மா இந்த வம்பு?"

"சும்மா சாப்பிட்டுட்டுப் போங்க. உண்மை வெளிய வரணும், அவ்வளவுதான்."

அவர் அரைமனதோடு தலையை ஆட்டினார்.

யோசனையின் மறுபாதியைப் பெரியவள் யாரிடமும் சொல்லவில்லை. அவளுடைய பாத்திரம் பளபளவென்று எவர்சில்வர் மூடி போட்டது. சின்னவளுடையது நசுங்கிய அலுமினியப் பாத்திரம். ஞாயிற்றுக்கிழமை சின்னவள் பாத்திரத்தை வைத்துவிட்டுக் கை கழுவப் போன நேரத்தில், பெரியவள் உள்ளே இருந்ததை இடம் மாற்றினாள். நசுங்கியதில் தன்னுடைய மசாலாக் கிழங்கு. பளபளப்பில் சின்னவளுடைய கரி. மாமனார் நசுங்கியதைப் பார்த்துத்தான் குத்துவார். உடனே, "அது என்னுது மாமா!" என்று எல்லார் முன்னாலும் போட்டு உடைக்க வேண்டும்.

எல்லோரும் உட்கார்ந்தார்கள். பளபளப்பான மூடியைத் திறந்ததும் சின்னவள் தன் கிழங்கை அடையாளம் கண்டு வாயைத் திறந்தாள். பெரியவள் மேசைக்கு அடியில் அவள் காலை மிதித்தாள். வாய் மூடிக்கொண்டது.

முதலில் நசுங்கிய பாத்திரம் சுற்றி வந்தது. கணவன் ஒரு வாய் வைத்தான். எதற்கும் அசையாதவன், எழுந்து போய்த் தண்ணீர்க் குடத்தையே தூக்கினான். மருந்துக்கடைக்காரருக்கு இருமல் வந்தது. சின்னவளின் கணவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

பெரியவளும் வாயில் போட்டுப் பார்த்தாள். உப்பு! காலையில், கூரையையே பார்த்துக்கொண்டு மேலே என்ன நடக்கிறதென்று காது கொடுத்தபடி கிளறியதில், இரண்டு தடவை போட்டிருக்கிறாள். பரிமாறும் முன் ருசி பார்க்கிற வழக்கமே அவளுக்குக் கிடையாது. பதினெட்டு வருஷக் கை ஆயிற்றே, அதற்கு அளவு தெரியாதா என்ற திமிர். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். இந்த உப்பை அங்கே ஒருவராலும் மறக்க முடியாது.

மாமனார் மட்டும் நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இன்னொரு கரண்டியும் போட்டுக்கொண்டார்.

"நல்லா இருக்கும்மா" என்று சின்னவளைப் பார்த்துச் சொன்னார்.

குத்தவில்லை. சின்னவள் பாத்திரம் என்று நினைத்தும் குத்தவில்லை! பெரியவளுக்குக் கணக்கு உதைத்தது. பாரபட்சம் என்றால் குத்தியிருக்க வேண்டுமே?

அடுத்து பளபளப்பான பாத்திரம். மாமனார் ஒரு கருகிய துண்டை எடுத்துக் கடித்தார். ‘கடக்!’ கண்கள் விரிந்தன. இன்னொன்று. ‘கடக்!’ முஷ்டி மடங்கியது, உயர்ந்தது.

‘டொம்!’ தட்டுகள் குதித்தன.

"பெரியவளே! முத்திரை!" என்று முழங்கினார். "நாலு மாசம் கழிச்சு உன் கையால! இனிமே நான் மதியத்துக்கு மேல போகல. இதையே தினமும் பண்ணிக் குடு."

நான்கு மாதமாக ஏங்கிய முத்திரை வந்துவிட்டது. அடுத்தவள் கருக்கிய கிழங்குக்கு வந்துவிட்டது. வாங்கிக்கொள்ளவும் முடியவில்லை, திருப்பிக் கொடுக்கவும் மனமில்லை.

"அது என்னுது இல்ல மாமா!" என்று பெரியவள் உடைந்தாள். "நான்தான் பாத்திரத்தை மாத்துனேன். நீங்க நல்லா இருக்குன்னு சொன்னீங்களே, அந்த உப்பளம்தான் என்னுது. உப்பை வாரிக் கொட்டுனாலும் நல்லா இருக்குன்னு சொல்றீங்க. கரியைக் கடிச்சுட்டு முத்திரைங்கிறீங்க. என்ன நாக்கு மாமா உங்க நாக்கு?"

மாமனார் கையிலிருந்த கருகிய துண்டைத் தட்டில் வைத்தார். பிறகு மெல்ல நிமிர்ந்து மருந்துக்கடைக்காரரைப் பார்த்து, வேண்டாம் என்பதுபோலத் தலையை ஆட்டினார்.

மருந்துக்கடைக்காரர் இன்னொரு டம்ளர் தண்ணீரைக் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார்.

"மன்னிச்சுக்குங்க சார், சத்தியத்தை மீறுறேன். அந்த ஜலதோஷத்தோட இவருக்கு வாசனை, ருசி ரெண்டும் போயிடுச்சும்மா, கடிச்சா காதுல விழுற சத்தம் ஒண்ணுதான் இப்ப மிச்சம். பொய் முத்திரை குத்த மனசு வரல, ஆனா 'பெரியவளுக்கு மட்டும் தெரிய வேணாம், ருசி தெரியாதவனுக்கு எதுக்குச் சமைக்கணும்னு அடுப்பையே அணைச்சுடுவா'ன்னு தினமும் என்கிட்ட வந்து அழுவாரு."