வெள்ளைத்துரையின் வசதிச் சான்று

ஒருவரைக் காரணமில்லாமல் அடைத்து வைத்தால், "அந்த ஆளைக் கொண்டுவந்து நிறுத்துங்கள்" என்று கோர்ட்டில் கேட்கலாம். அதற்கு ஆட்கொணர்வு மனு என்று பெயர். மனுவுக்கு ஒரு கட்டணம் உண்டு. கட்ட வழியில்லாத சிறைவாசிக்கு விலக்கும் உண்டு. அந்த விலக்கைக் கருணையோடு வழங்குவதற்காகவே மதுரையில் 'சிறைவாசிகள் கட்டண விலக்கு மற்றும் மனிதநேயப் பிரிவு' என்று ஓர் அலுவலகத்தைத் திறந்தார்கள். வாசலில் நீதிதேவதையின் ஆளுயர அட்டைப் பொம்மை ஒன்று நிற்கிறது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை. மக்கள் தங்கள் முகத்தை நுழைத்து செல்பி எடுத்துக்கொள்ளலாம்.

வெள்ளைத்துரை பேரையூர்ப் பக்கம் எங்கள் ஊர்க்காரர். ஆடு மேய்ப்பவர். எங்கள் கண்மாயில் மண் அள்ளிக்கொண்டு போன லாரிகளுக்குக் குறுக்கே ஆடுகளை ஓட்டி நிறுத்தினார். பொது அமைதிக்குப் பங்கம் விளைவித்தார் என்று அவரைத் தூக்கி உள்ளே வைத்தார்கள். வழக்கும் இல்லை, விசாரணையும் இல்லை. ஆடுகளைக் குற்றத்துக்குப் பயன்பட்ட வாகனங்கள் என்று ஓட்டிக்கொண்டு போனார்கள். லாரிகள் பொது அமைதியோடு மண் அள்ளின.

அவர் மனைவி சத்யப்ரியா அப்போது நிறைமாதம். பிள்ளை பிறக்கும்போது தகப்பன் பக்கத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. ஒரு வக்கீல் புண்ணியவான் மனுவை இலவசமாகவே எழுதிக் கொடுத்தார். கட்டணம் கட்டத்தான் வழியில்லை. மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்த அலுவலகத்துக்குப் போனாள்.

கண்காணிப்பாளர் அருள்பாண்டி எழுந்து நின்று கும்பிட்டார்.

"உக்காருங்கம்மா. விலக்கு வேணும்னா விண்ணப்பதாரர் குடியிருக்குற இடத்த நேர்ல போயிப் பாக்கணும். கள ஆய்வு."

"நாளைக்கே வாங்க சார். ஓலைக் கூரைதான்."

"உங்க வீடு இல்லம்மா. விண்ணப்பதாரர் யாரு?"

"எங்க வீட்டுக்காரரு."

"அவரு இப்ப எங்க குடியிருக்காரு?"

"ஜெயில்ல."

"அப்ப அங்கதான போகணும்?"

கள ஆய்வாளர் சூரியபிரகாஷ் கடமை தவறாதவர். ஜெயிலுக்குப் போனார், சுற்றிப் பார்த்தார், அறிக்கை கொடுத்தார்:

'விண்ணப்பதாரர் உறுதியான கான்கிரீட் கட்டடத்தில் வசித்து வருகிறார். சுற்றிலும் உயர்ந்த மதில். வாசலில் ஆயுதம் தாங்கிய காவலர்கள். சமையலுக்குத் தனி ஆட்கள். உடல்நலம் குன்றினால் மருத்துவர் இருப்பிடத்துக்கே வருகிறார். வாடகை செலுத்துவதாகத் தெரியவில்லை. எனவே சொந்தக் கட்டடம் எனக் கருதலாம். தொழில் ஏதும் செய்யாமலேயே மேற்கண்ட வசதிகளை அனுபவித்து வருவதால் பரம்பரைச் செல்வந்தர் எனத் தெரியவருகிறது.'

விலக்கு மறுக்கப்பட்டது. சத்யப்ரியா பதறிப்போய் மறுபடியும் ஓடினாள்.

"சார், அது ஜெயிலு சார்!"

"எங்களுக்குத் தெரியாதாம்மா? ஆனா படிவத்துல குடிசை, ஓடு, கான்கிரீட்டுன்னு மூணு கட்டந்தான் இருக்கு. ஜெயிலுன்னு ஒரு கட்டம் இல்லையே."

"அப்ப அவர வெளிய விடுங்க. தன்னால குடிசைக்கு வந்துருவாரு."

"விடணும்னா மனுப் போடணுமே."

"அந்த மனுவுக்குத்தான சார் உங்ககிட்ட வந்து நிக்கிறேன்!"

"வசதியானவருக்கு விலக்குக் குடுத்தா ஏழைங்க வயித்துல அடிச்ச மாதிரி ஆயிராதா?" ஏழைகளை நினைத்ததும் அருள்பாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது. மூக்கைச் சிந்திக்கொண்டு ஒரு வழி சொன்னார். "ஊர்ல ரெண்டு பேரு, இவரு ஏழைதான்னு கையெழுத்துப் போடட்டும். உங்க வீட்டுலயே மறு ஆய்வு வச்சிருவோம். போறப்ப வாசல்ல ஒரு செல்பி எடுத்துக்கங்க."

இதற்குள் அறிக்கையின் நகல் எங்கள் ஊர் அறிவிப்புப் பலகைக்கு வந்து சேர்ந்திருந்தது. நீலச் சீல் பளபளத்தது. வெள்ளைத்துரை வீட்டுக் கூரை மழைக்கு மழை ஒழுகுவதைப் பிறந்ததிலிருந்து பார்த்தவர்கள் நாங்கள். ஆனாலும் சீல் என்று ஒன்று இருக்கிறதே!

"வாசல்ல துப்பாக்கிக்காரனாம்ல. இம்புட்டு வசதிய வச்சுக்கிட்டு ஆடு மேய்ச்சிருக்கான் பாரேன்" என்று வாயைப் பிளந்தோம்.

பொங்கல் திருவிழாக் கமிட்டித் தலைவர் சோணைமுத்து அன்றைக்கே ஃபிளெக்ஸ் அடிக்கக் கொடுத்தார். வெள்ளைத்துரை படத்துக்குக் கோட்டு மாட்டி, கூலிங்கிளாஸ் போட்டு, பின்னால் ரெண்டு சிங்கத்தையும் நிறுத்தி, 'பரம்பரைச் செல்வந்தர், கொடைவள்ளல் வெள்ளைத்துரை அவர்களே, வருக வருக' என்று முச்சந்தியில் கட்டினார். உள்ளே இருக்கும் ஆள் எப்படி வருவார் என்று எங்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

அந்த ஃபிளெக்ஸுக்கு அடியில்தான் சத்யப்ரியா சோணைமுத்துவைப் பிடித்தாள்.

"அண்ணே, ஒரு கையெழுத்துப் போடுங்கண்ணே. எங்க வீடு உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும் தங்கச்சி. ஆனா சீலு போட்ருக்கான்ல. மாப்ளையப் போயி ஏழைன்னு எழுதிக் குடுத்தா ஊரு என்னைய மதிக்குமா? மொதல்ல நன்கொடைய எழுது."

"ஆஸ்பத்திரிக்கே காசில்லண்ணே."

"பணம் இருக்குறவுகதான் இப்பிடிப் பேசுவாக" என்றார் சோணைமுத்து.

ஊரில் ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை. தகப்பன் உள்ளே இருக்கும்போதே ஆஸ்பத்திரியில் பெண்குழந்தை பிறந்தது. கேட்டபோது எங்களுக்கும் பாவமாகத்தான் இருந்தது. திருவிழா வேலையில் போய்ப் பார்க்க முடியவில்லை.

திருவிழா முடிந்தது, நன்கொடை வரவில்லை. சோணைமுத்து கொதித்துப்போய் ஃபிளெக்ஸை அவிழ்த்துக்கொண்டு வந்து அவள் வாசலில் எறிந்தார். "கஞ்சப்பய! இவனெல்லாம் ஏழைக்கும் கீழ!" என்று கத்தியபடி, அந்தக் கோபத்திலேயே கையெழுத்தைப் போட்டார். பக்கத்தில் நின்ற ஒருவரும் போட்டார். ஒருவழியாக மறு ஆய்வுக்கு நாள் குறித்தார்கள். வீட்டுக்காரர் வந்து பிள்ளைக்குப் பேர் வைப்பார் என்று சத்யப்ரியா அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சிரித்தாள்.

ஆய்வுக்கு முந்தின நாள் நல்ல மழை. பிள்ளை நனைந்தது. அவள் வேறென்ன செய்வாள்? கிடந்த ஃபிளெக்ஸை எடுத்துக் கூரைமேல் விரித்து நாலு மூலையிலும் கல்லை வைத்தாள்.

காலையில் சாரல் தூறலில் சூரியபிரகாஷ் வந்து இறங்கினார். நிமிர்ந்து பார்த்தார். கோட்டும் கூலிங்கிளாஸும் சிங்கங்களுமாகக் கூரை முழுக்க வெள்ளைத்துரை.

"சார், உள்ள வந்து பாருங்க சார். இன்னமும் ஒழுகுது" என்று கெஞ்சினாள்.

"இருங்கம்மா, போட்டோதான் முக்கியம். பொதுமக்களும் படத்துல இருக்கணும், புது உத்தரவு. எல்லாரும் வாங்க!"

பாய்ந்து போய் நின்றோம். அங்கேயே அறிக்கையும் எழுதினார்: 'விண்ணப்பதாரர் தமது உருவப்படத்தையே கூரையாக வேய்ந்துள்ளார். வசதியில் மாற்றம் இல்லை.'

கோப்பில் அந்தப் படம்தான் இப்போது முதல் ஆதாரம். கூரையில் வெள்ளைத்துரை சிரிக்கிறார். கீழே நாங்கள் அத்தனை பேரும் தலை சீவி, வரிசையாக நின்று சிரிக்கிறோம். சத்யப்ரியா மட்டும் அதில் இல்லை. அவள் உள்ளே, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, ஒழுகாத மூலையைத் தேடிக்கொண்டிருந்தாள்.