இடுக்கி அண்ணாச்சியின் அப்பள மாவு

திருநெல்வேலி ஜில்லாவிலேயே இட்லியை இரண்டு கையாலும் கவ்விப் பிடித்துச் சாப்பிட்ட ஒரே ஆராய்ச்சியாளர் எங்கள் இடுக்கி அண்ணாச்சிதான். வண்ணார்பேட்டை லாட்ஜில் எனக்குப் பக்கத்து அறை. மனித உயிரணுவுக்குள் வேலை பார்க்கும் ஒரு புரதக் கூட்டணியின் வடிவத்தைக் கம்ப்யூட்டரில் ஆராய்ந்துகொண்டிருந்தார். அது கவ்வும் விதத்தைக் கையில் கிடைத்ததையெல்லாம் பிடித்துக் காட்டுவார். இடுக்கி என்ற பெயர் அப்படி வந்தது.

"இட்லிய ஏன் இந்தப் பாடு படுத்துதிய?" என்று மெஸ் நடத்தும் செல்லத்தாய் அக்கா ஒருநாள் கேட்டேவிட்டார்.

"இட்லின்னு நெனைக்காதிய. இது புரத உருண்டை. இதச் சுத்தித்தான் டி.என்.ஏ. நூல் கணக்கா இறுகிக் கெடக்கு. அப்படிக் கெடந்தா ஜீனைப் படிக்க முடியாதுல்லா? நம்ம கூட்டணி வந்து மேலயும் கீழயும் கவ்வி, நூலைப் பைய நகத்திவிடும்."

"சரி, சாம்பார் ஊத்தட்டா?"

இப்படி மணிக்கணக்கில் பேசுகிறவருக்கு மேடை என்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்தால்தான் வாய் திறக்கும். பல வருட உழைப்பு, டாக்டர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வில் வந்து நின்றது. அதற்காக, அப்பளத்துக்குப் பேர்போன கல்லிடைக்குறிச்சிக்குப் பஸ் ஏறிப்போய் அப்பள மாவு வாங்கிவந்தார். களிமண் விரிசல் விடுமாம், உளுந்து மாவுதான் சொன்னபடி கேட்குமாம். உருண்டை, அதைச் சுற்றி நிஜ நூல், இருபுறமும் கவ்வும் பகுதிகள், அவற்றை இணைக்கும் பாலம் என்று அச்சு அசலாகப் பிடித்து, மெஸ் ஃபிரிட்ஜில் வைத்தார்.

தேர்வன்று காலை ஃபிரிட்ஜ் காலி. மொட்டை மாடியில் அப்பளங்கள் காய்ந்துகொண்டிருந்தன.

"கல்லிடைக்குறிச்சி மாவுல்லா, வீணாப் போயிரக் கூடாதேன்னு தேச்சிட்டேன். நூலும் சேந்தே இருந்துச்சு, மாவு வெட்டுகதுக்குன்னுதான் நெனச்சேன்" என்றார் அக்கா.

அண்ணாச்சி கோபிக்கவில்லை. "பொரிக்கும்போது எனக்கும் ரெண்டு எடுத்து வைங்க" என்றார். முகம் மட்டும் வெளுத்துவிட்டது.

அரங்கில் எழுந்து நின்றவர், நின்றபடியே இருந்தார். தேர்வாளர் தொண்டையைச் செருமினார். எனக்குத் தாங்கவில்லை. மேடையேறி, முஷ்டியில் கைக்குட்டையைச் சுற்றி அவர்முன் நீட்டினேன்.

"அண்ணாச்சி, இது உருண்டை. கைக்குட்டைதான் நூலு. கவ்வுங்க."

கவ்வினார். வார்த்தை வந்துவிட்டது. எந்தப் பகுதி எங்கே உட்கார்கிறது, ஒன்று பழுதானால் புற்றுநோய்க்கு எப்படி வழி திறக்கிறது என்று கொட்டித் தீர்த்தார். தேர்வாளரே எழுந்துவந்து என் விரல்களை உற்றுப் பார்த்தார். எனக்கு மூக்கு அரித்தது, அறிவியலுக்காகப் பொறுத்துக்கொண்டேன்.

பட்டம் அறிவித்து, கைதட்டல் ஓய்ந்த பிறகும் அண்ணாச்சி என் கையை விடவில்லை.

"அண்ணாச்சி, தேர்வு முடிஞ்சிட்டு."

"தெரியும் லே" என்றார். பிடி இன்னும் இறுகியது.

விரல்கள் மரத்துப்போயிருந்தன. ஆனாலும் கையை இழுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.